மூன்று பூக்களையும் ஒரே நாளில் பறிக்க முடியாது

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேல்ஸுக்குப் படிக்க வந்த ஒருவர் மாபினோகியோன் என்ற இடைக்கால வெல்ஷ் கதைத் தொகுப்பை வாசித்து மயங்கிப்போயிருக்கிறார். அதில் பூக்களால் செய்யப்பட்ட பெண் ஒருத்தி வருகிறாள், பெயர் பிளொடைவெத். அவளைச் செய்த ஓக், புரூம், மெடோஸ்வீட் ஆகிய மூன்று பூக்களையும் தானே பறித்து, மே 1 அன்று ட்ரூயிட்கள் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய கெல்டிக் மக்களின் பூசாரிகள்) முறையில் ஒரு சடங்கு செய்து, பிறகு அவற்றையே கஷாயம் போட்டுக் குடிக்கலாமா என்று கேட்கிறார். கூடவே, இது 2000 வருடமாக அறுபடாமல் வரும் மரபுதானே என்றும். எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. இது நிஜமாகவே பழசா என்பது ஒன்று. உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் இதைச் செய்ய முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உறுதியாகவே பதில் சொல்லலாம், முதலாவதில் உறுதியானதும் உண்டு, வெறும் ஊகமும் உண்டு.

என்னைப் பற்றி நாலு வரி. தாவர வகைப்பாட்டியல் படித்துவிட்டு இங்கே வந்தவன் நான், 18 வருடமாக மேற்கு வேல்ஸில் இருக்கிறேன், வருடத்தில் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் யாராவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வேலியோரச் செடிகளைக் காட்டுவதிலேயே போய்விடும். வெல்ஷ் மொழியை மாலை வகுப்பில் தட்டுத்தடுமாறிக் கற்றேன், பழைய வெல்ஷ் என்றால் பக்கத்தில் அகராதி வேண்டும். மருத்துவன் இல்லை. ட்ரூயிட் வழியில் இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் உண்டு, அவர்கள் வட்டமாக நிற்கும்போது ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன், அந்த விஷயத்தில் என் அனுபவம் அவ்வளவுதான். காளான் பக்கம் நான் போவதே இல்லை, அதனால் அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

சரி, முதலில் உங்கள் திட்டத்தில் இருக்கும் ஓட்டை. மே 1 அன்று அந்த மூன்று பூக்களும் கிடைக்காது. ஓக் பூ ஏப்ரல் கடைசியில் வரும், மே நடுவில் உதிர்ந்துவிடும். அதைப் பூ என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், இளந்தளிரோடு சேர்ந்து தொங்கும் மஞ்சள்பச்சை நூல், காற்றடித்தால் மகரந்தம் புகையாகப் போகும், அவ்வளவுதான். புரூம் மே, ஜூனில்தான் முழுசாக மஞ்சள் பிடிக்கும். மெடோஸ்வீட் எங்கள் பக்கம் ஜூன் கடைசிக்கு முன்னால் பூத்து நான் பார்த்ததில்லை, ஜூலையில்தான் பள்ளமெல்லாம் நுரைத்துக்கொண்டு நிற்கும். மே 1 அன்று போனால் ஓக் நூல் கொஞ்சம், புரூம் நாலு பூ, மெடோஸ்வீட்டில் வெறும் இலை. கதையில் இதற்கு விளக்கம் கிடையாது. அரியன்ரோத் தன் மகன்மேல் மூன்று தடை போடுகிறாள்: நான் வைக்காமல் உனக்குப் பெயர் இல்லை, நான் பூட்டாமல் ஆயுதம் இல்லை, இப்போது பூமியில் இருக்கும் எந்த இனத்திலும் உனக்கு மனைவி இல்லை. முதல் இரண்டையும் பையனின் மாமனான மந்திரவாதி க்விடியோன் தந்திரத்தால் தாண்டிவிடுகிறான். மூன்றாவதுக்காக அவனும் மாத் என்ற மன்னனும் சேர்ந்து, ஓக் பூவையும் புரூம் பூவையும் மெடோஸ்வீட் பூவையும் எடுத்து ஒரு பெண்ணை உண்டாக்குகிறார்கள். பையனின் பெயர் லெய். (அதன் முதல் எழுத்தைத் தமிழில் எழுத வழியில்லை, நாக்கை ‘ல’வுக்கு வைத்துக்கொண்டு காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊத வேண்டும்.) மூன்று பருவத்துப் பூக்களைச் சேர்த்துச் செய்தவள் எந்தப் பருவத்திலும் நிலைத்து நிற்காதவளாகத்தான் இருப்பாள் என்று எனக்குத் தோன்றும். அவள் க்ரோனு என்பவனைக் காதலித்து, கணவனைக் கொல்லச் சதி செய்து, கடைசியில் ஆந்தையாக மாற்றப்படுவதையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் இது ஒரு செடிப் பைத்தியத்தின் வாசிப்பு. கதை சொன்னவர் மனதில் பூக்காலக் கணக்கு இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பழமைக்கு வருவோம். நமக்குத் தெரிந்ததில் உறுதியானது கொஞ்சம். கி.பி. 60 வாக்கில் ரோமப் படை வேல்ஸின் வடமேற்கில் இருக்கும் ஆங்கிள்சி தீவுக்குள் இறங்கியது, கரையில் கையை வானத்துக்கு உயர்த்திச் சாபமிட்டுக்கொண்டு ட்ரூயிட்கள் நின்றார்கள், பிறகு அவர்களுடைய புனிதச் சோலைகள் வெட்டப்பட்டன என்று டாசிட்டஸ் எழுதுகிறார். எழுதியவர் ரோமர் என்பதை மறக்கக் கூடாது. ட்ரூயிட் கல்வி சிலருக்கு 20 வருடம் பிடிக்கும், தங்கள் போதனையை அவர்கள் எழுத்தில் வைப்பதில்லை என்கிறார் சீசர், அவர் பேசுவது இன்றைய பிரான்ஸைப் பற்றி. தங்க அரிவாளால் ஓக் மரத்துப் புல்லுருவியை அறுக்கும் காட்சியை எழுதிய ரோமர் பிளினி சொல்வதும் அதே நாட்டைத்தான். கையில் தொடக்கூடிய சாட்சி வேண்டும் என்றால் ஆங்கிள்சியில் லின் கெரிக் பாக் என்ற குட்டை இருக்கிறது. 1942இல் விமானத் தளம் கட்டும்போது அந்தச் சேற்றிலிருந்து வாள், ஈட்டி, தேர்ச் சக்கரப் பட்டை என்று நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. அதில் இருந்த ஒரு இரும்புச் சங்கிலியை மாட்டிச் சேற்றில் சிக்கிய லாரிகளை இழுத்திருக்கிறார்கள், அப்புறம்தான் அது 2000 வருடப் பழசு, அடிமைகளைக் கழுத்தோடு கழுத்தாகப் பிணைக்கும் சங்கிலி என்று தெரிந்தது. நீருக்குள் பொருளைக் காணிக்கையாகப் போட்டார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது. போட்டது ட்ரூயிட்கள்தான் என்பது ஊகம்.

அங்கிருந்து மாபினோகியோனுக்கு வர ஏறக்குறைய 1300 வருடம் தாண்ட வேண்டும். கதைகள் நமக்குக் கிடைப்பது இரண்டு ஏடுகளில், 1350ஐ ஒட்டிய ரைடர்க்கின் வெள்ளைப் புத்தகம், 1400ஐ ஒட்டிய ஹெர்கெஸ்டின் சிவப்புப் புத்தகம். கதைகள் அதைவிட ஒன்றிரண்டு நூற்றாண்டாவது மூத்தவை என்பதில் சண்டை இல்லை, எவ்வளவு மூத்தவை என்பதில் சண்டை ஓயவே இல்லை. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். கதைக்குள் ஆட்கள் ஞானஸ்நானம் பற்றிப் பேசுவார்கள், கடவுளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். மையமான நான்கு கிளைக் கதைகளில் ட்ரூயிட் ஒருவர்கூட வருவதில்லை. ‘லெய்’ என்ற பெயர் லூகுஸ் என்ற பழைய கெல்டிக் தெய்வத்தின் பெயரோடு ஒட்டியது என்பதைக் கிட்டத்தட்ட எல்லா மொழியியலாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் அடியில் பழைய தெய்வங்களின் நிழல் இருக்கிறது என்பது சரி. அந்த நிழலிலிருந்து ஒரு வழிபாட்டு முறையைத் திரும்பக் கட்டிவிடலாம் என்பது மிகை.

அப்படியானால் இன்றைய சடங்குகள் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி ஒரே மனிதரிடமிருந்து. யோலோ மோர்கானுக், 1747இல் பிறந்த கிளாமோர்கன் கொத்தனார், அபாரக் கவிஞர், பழைய ஏடுகளை உண்மையிலேயே கரைத்துக் குடித்தவர், வாழ்நாள் முழுக்க அபினிச் சாற்றைக் கைவிடாதவர், கூடவே ஏடே இல்லாத இடத்தில் ஏட்டைத் தானே எழுதிக்கொண்டவர். 1792 ஜூனில் லண்டனில் ப்ரிம்ரோஸ் ஹில் என்ற மேட்டில் கூழாங்கற்களை வட்டமாக அடுக்கி, இதுதான் ட்ரூயிட் காலத்திலிருந்து வரும் கவிஞர் அவை என்று ‘கோர்செத்’தைத் தொடங்கினார். 1819இல் அது கார்மார்தனில் நடந்த ஐஸ்தெத்வோட் என்ற வெல்ஷ் கவிதை, இசைப் போட்டி விழாவோடு ஒட்டிக்கொண்டது, இன்றும் அங்கியும் வாளுமாக நடக்கிறது. மூன்று கதிர் கொண்ட ‘ஆவென்’ குறியும், இன்று பல ட்ரூயிட் குழுக்கள் சொல்லும் பிரார்த்தனையும் அவர் கைவண்ணம். அவர் ஏமாற்றிய அளவு வெளியே வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அபெரிஸ்ட்வித் கோட்டைக்குள் நிற்கும் கல்வட்டத்தைப் பார்த்து எத்தனை பேர் பரவசத்தோடு கண்ணை மூடிக்கொள்கிறார்கள் தெரியுமா? அது இருபதாம் நூற்றாண்டில் ஐஸ்தெத்வோட்டுக்காக நட்டது. மரத்துக்கு ஒரு மாதம் என்று 13 மாதம் போட்ட ‘கெல்டிக் மர நாட்காட்டி’யும் இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலக் கவிஞர் கட்டியது. வருடத்தை எட்டுத் திருநாளாகப் பிரிக்கும் சக்கரம் 1950களில் உருவானது.

இதையெல்லாம் சொன்னதும் உங்களுக்கு ஆர்வம் வடிந்துபோயிருந்தால் எனக்கு வருத்தம். புதிதாகத் தொடங்கியதால் ஒரு வழி பொய்யாகிவிடாது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த 2021 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளைப் பின்பற்ற முயல்பவர்) என்று எழுதினார்கள், 2010இல் ஒரு ட்ரூயிட் அமைப்பை அரசு அறக்கட்டளை ஆணையம் மதமாகவே பதிவு செய்தது. என் நண்பர்கள் இருவருக்கும் யோலோவின் கதை அத்துபடி. அதில் ஒருவர், வனக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், ‘கொத்தனார் கட்டியதுதான், ஆனால் வீடு ஒழுகவில்லை’ என்பார். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 2000 வருடம் என்று சொன்னால், அந்தப் பொய்யைக் காப்பாற்றவே பாதிச் சக்தி போய்விடும், கண்ணெதிரே நிற்கும் செடியைப் பார்க்க நேரம் இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுத்த தேதியாவது கதைகளுக்குள் அசலாகவே இருக்கிறது. கலான் மை என்று வெல்ஷில் சொல்லும் மே முதல் நாளுக்கு முந்தின இரவில்தான் தெய்ர்னோன் என்ற பிரபுவின் குதிரை வருடாவருடம் குட்டி போடும், குட்டி காணாமல் போகும். ஒரு வருடம் அவன் கண்விழித்துக் காத்திருக்கையில் ஜன்னல் வழியாக ஒரு நகக்கை உள்ளே வரும், அவன் அதை வெட்டுவான், வெளியே ஓடித் திரும்பினால் வாசலில் பட்டுத்துணியில் சுற்றிய குழந்தை. அந்த இரவில் ஏதோ திறக்கிறது என்று அன்றைய மக்கள் நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

உண்மையாகவே பழசு வேண்டும் என்றால் உங்கள் மூன்றில் மெடோஸ்வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெல்ஷில் எர்வைன். கார்மார்தன்ஷயரின் கறுப்பு மலையில் வான் வோய்ல் என்ற முகட்டில் வெண்கலக் காலப் புதைமேடு ஒன்றை அகழ்ந்தபோது, எரிந்த எலும்புகளோடு மெடோஸ்வீட் மகரந்தம் கிடைத்தது. சுமார் 4000 வருடம். பூச்செண்டாக வைத்தார்களா, அந்தப் பூ போட்ட ஏதாவது பானத்திலிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதே மலையின் மடியில்தான் லின் எ வான் வாக் ஏரி. அதிலிருந்து ஒரு பெண் வருவாள், கரையில் நிற்கும் இளைஞன் நீட்டும் ரொட்டி ரொம்ப வெந்துவிட்டது என்பாள், மறுநாள் வேகவே இல்லை என்பாள், மூன்றாம் நாள் பாதி வெந்ததை ஏற்றுக்கொண்டு மனைவியாவாள். காரணமில்லாமல் மூன்று அடி விழுந்தால் போய்விடுவேன் என்ற நிபந்தனையோடு. விழும், போவாள். ஆனால் மகன்களுக்காகத் திரும்பி வந்து மூலிகைகளைக் காட்டிக்கொடுப்பாள், அவர்கள்தான் மத்வை வைத்தியர்கள். அந்த வைத்தியர்கள் வெறும் கதை இல்லை, ரிவாலோனும் அவர் மகன்களும் 13ஆம் நூற்றாண்டில் ரீஸ் கிரிக் என்ற சிற்றரசனிடம் வைத்தியம் பார்த்தவர்கள், அவர்கள் பெயரிலான மருத்துவக் குறிப்புகள் சிவப்புப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பிளொடைவெத் கதையும் கஷாயக் குறிப்பும் ஒரே அட்டைக்குள். எனக்கு இந்த நாட்டில் பிடித்த விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். (1861இல் அச்சான மத்வைப் புத்தகத்தின் இரண்டாம் பாதி நம் யோலோவின் கை வழியாக வந்தது, அதைச் சந்தேகத்தோடு படியுங்கள்.) 4000 வருட மகரந்தத்தையும் 13ஆம் நூற்றாண்டு வைத்தியரையும் ஒரே கயிற்றில் கட்ட மட்டும் முயலாதீர்கள், நடுவில் கயிறு இல்லை.

குடிக்கலாமா என்ற கேள்விக்குப் போகும் முன், கெரிட்வென் என்ற மந்திரக்காரியின் வெல்ஷ் கதையை நினைவில் வையுங்கள். அவலட்சணமான தன் மகனுக்கு ஞானம் வர வேண்டும் என்று மூலிகைகளைப் பொறுக்கிக் கொப்பரையில் போட்டு ஒரு வருடமும் ஒரு நாளும் கொதிக்க விடுகிறாள். கிளறிவிட்ட பொடியன் க்வியோனின் விரலில் தெறித்த மூன்று சொட்டு மட்டும் ஞானம். மீதிக் கொப்பரை முழுக்க விஷம், அது உடைந்து ஓடையில் கலந்து கீழே தண்ணீர் குடித்த குதிரைகள் செத்தன. செடி தெரிந்த யாரோதான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் புரூம் அப்படித்தான், அதில் இருக்கும் ஸ்பார்ட்டீன் இதயத் துடிப்பைக் குலைக்கும், வீட்டில் கஷாயம் போடும் சமாச்சாரமே இல்லை. ஓக் பூவில் குடிக்க ஒன்றும் இல்லை. மெடோஸ்வீட் டீ குடிக்கலாம், நான் குடிக்கிறேன், ஆனால் அதில் இருப்பது ஆஸ்பிரினின் சொந்தக்காரர்கள். ஆஸ்பிரின் என்ற பெயரே இந்தச் செடியின் பழைய பெயரான ஸ்பைரியாவிலிருந்து 1899இல் வந்தது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பறிப்பதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வசந்தத்தில் ஓடையோரம் காட்டுப் பூண்டு விரித்த பாய்போலக் கிடந்தது, கை கையாக அள்ளி வந்து துவையல் அரைத்தேன். முதல் உருண்டையிலேயே வாயெல்லாம் ஊசி குத்தியது. வகைப்பாட்டியல் படித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது, இலைகளுக்கு நடுவே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற செடியின் இளந்தளிரும் வந்திருக்கிறது. நம் சேம்பு, கருணைக்கிழங்கு குடும்பம்தான், அதே ஊசிப்படிகங்கள், புளி ஊற்றி வேகவைக்காத கருணை எப்படியோ அப்படி. பூண்டு வாசம் வந்ததே என்றால், ஒரு கைப்பிடியில் பத்து இலை பூண்டாக இருந்தால் பதினோராவதும் பூண்டு வாசம்தான் அடிக்கும். அதனால் இலை இலையாகப் பறியுங்கள். எனக்கு அன்றைக்கு மூன்று மணி நேர எரிச்சலோடு போயிற்று. அதே ஓடையில் ஹெம்லாக் வாட்டர் ட்ராப்வார்ட் என்ற கொடிய விஷச் செடி இருந்திருந்தால் போயிருக்காது. மேற்கு வேல்ஸில் ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அது இருக்கும், இலை கொத்தமல்லியையும் செலரியையும் நினைவுபடுத்தும், வேர் வெள்ளையாகக் கொழுத்த விரல்கள்போல இருக்கும், வாசம் நன்றாகவே இருக்கும், வேரில் கொஞ்சம் தின்றாலே வலிப்பு வந்து ஆள் போய்விடலாம். கசப்பாக இருந்தால் விஷம், வாசமாக இருந்தால் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. இன்னொன்று வாட்டர்கிரெஸ். கீரை சரியான கீரைதான், ஆனால் வேல்ஸ் ஆடுகளின் நாடு, ஆட்டின் கல்லீரல் புழு அந்த இலையில் ஒட்டிக்கொண்டு மனிதனுக்குள் வரும். பச்சையாகத் தின்னாதீர்கள், வேகவைத்தால் சரி.

சட்டம் சிக்கலில்லை. காட்டுச் செடியின் இலை, பூ, பழத்தை விற்பதற்காக இல்லாமல் உங்களுக்காகப் பறித்தால் 1968 திருட்டுச் சட்டப்படி அது திருட்டு ஆகாது, ஆனால் நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981 சட்டப்படி குற்றம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் தனி விதிகள் உண்டு, நுழைவாயில் பலகையைப் படித்துவிடுங்கள். சடங்கு செய்தால் மரத்தில் பாலியெஸ்டர் ரிப்பன் கட்டாதீர்கள், நாணயத்தை அடிமரத்தில் அடிக்காதீர்கள், மெழுகு கொட்டாதீர்கள். இங்கே சில கிணற்றடி மரங்களைப் பார்த்தால் துணிக்கடை எரிந்ததுபோல இருக்கிறது.

ஆக, மே 1க்கு என் யோசனை: ஏதாவது ஓக் மரத்தடிக்கு வெறுங்கையோடு போய், தெய்ர்னோன் கதையைச் சத்தமாகப் படியுங்கள், முடிந்தால் ஒரு பத்தியாவது வெல்ஷில். எதையும் பறிக்க வேண்டாம், நூல் பூ உங்கள் தலையில் அதுவாகவே விழும். ஜூலையில் ஈரமான பள்ளத்துக்குப் போங்கள். இடுப்பளவோ அதற்கு மேலோ உயரம், சிவப்போடிய தண்டு, இறகுபோல அடுக்கிய இலை, இலையின் அடிப்பக்கம் பெரும்பாலும் வெளுப்பு, மேலே பாலாடை நிறத்தில் கலைந்த நுரைபோல பூ. பூவில் தேனும் பாதாமும் மணக்கும். இலையைக் கசக்கி முகர்ந்தால் சட்டென்று அமிர்தாஞ்சன் டப்பாவைத் திறந்ததுபோல இருக்கும், அந்த வாசம் வந்தால் எர்வைன்தான். பூங்கொத்தில் மூன்றில் ஒன்றை மட்டும் கத்தரியால் வெட்டி, பூச்சிகள் ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் வெள்ளைத் துணியில் போட்டுவைத்து, ஒரு கோப்பைக்கு ஒரு சிறு கொத்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் ஐந்து நிமிடம். வெட்டும்போது வேறு ஏதாவது தண்டு நசுங்கிச் செலரி வாசம் வந்தால் மொத்தத்தையும் அங்கேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போங்கள்.